மேலூரில் உட்கார்ந்து சிறுகோள் தேட: ஐ.ஏ.எஸ்.சி. எப்படி?

ஹவாயில் ஹலேயகலா மலை உச்சியில் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி இருக்கிறது. கண்ணாடி மட்டும் 1.8 மீட்டர் அகலம். அது எடுத்த படங்களை நம் கம்ப்யூட்டருக்கே அனுப்பி, சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றிவரும் பாறை, தென்படுகிறதா பாருங்கள் என்கிறார்கள். பைசா செலவில்லை. டெக்சாஸிலிருந்து ஐ.ஏ.எஸ்.சி. (சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு) என்ற அமைப்பு 2006 முதல் இதை நடத்துகிறது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் டீம் பதிவு செய்தபோது என்னையும் சேர்த்துவிட்டாள். போட்டோ ஸ்டுடியோக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள்.

வேலை இருக்கிறது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் வரும். அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் ஏற்றி 'பிளிங்க்' கொடுத்தால் மாறி மாறி ஓடும். நட்சத்திரங்கள் அசையாது. மங்கலான புள்ளி ஒன்று நேர்கோட்டில், ஒரே அளவாகத் தள்ளித் தள்ளிப் போனால் அதுதான் நாம் தேடும் ஆள்.

ஆனால் ஏமாற்றும் புள்ளிகள்தான் அதிகம். பிலிம் காலத்தில் நெகட்டிவில் தூசி எது, படம் எது என்று பார்த்து டச்சிங் செய்த கண் இங்கே கைகொடுத்தது. புள்ளியைச் சொடுக்கினால் சின்ன வரைபடம் திறக்கும். வெளிச்சம் நடுவில் உயர்ந்து இருபுறமும் சீராக இறங்கினால் நம்பலாம். ஒற்றையாகக் குத்திட்டு நின்றால் சென்சார் கோளாறு. என் அண்ணன் மகள் அவசரக்காரி.

"சித்தப்பா, இது?"

"பிக்சல்மா, அழி."

குறைகளும் உண்டு. மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மொபைல் மட்டும் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு வழியில்லை. தொலைநோக்கியை நம் இஷ்டத்துக்குத் திருப்பவும் முடியாது. வால்நட்சத்திரம் வருகிறது, காட்டு என்றால் நடக்காது. நாம் குறித்த புள்ளிகளைப் பற்றி அனுப்ப வேண்டிய அறிக்கையை மென்பொருளே தயாரித்துத் தரும்; அதில் ஒரு இடைவெளியைக்கூடக் கையால் மாற்றிவிடாதீர்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் குறித்திருக்கிறது.

அப்புறம், சான்றிதழ் வந்த கையோடு ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டாம். நாம் குறித்ததை வேறு இரவுகளில் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். எண்ணும் பெயரும் கிடைக்கப் பல வருடம் ஆகும். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளின் கதை தெரியும்தானே? 2024 டிசம்பர் 27-ல் சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி பிடித்தது. 2032-ல் பூமியில் மோதும் வாய்ப்பு 3 சதவீதம் வரை ஏறியது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் விடாமல் தொடர்ந்து பார்த்த பிறகு, 2025 பிப்ரவரி முடிவதற்குள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றானது. ஒரே தொலைநோக்கியை நம்பியிருந்தால் டிவிக்காரர்கள் பூமியை அழித்தே முடித்திருப்பார்கள்.

பொறுமையுள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம். லேப்டாப் திரையைவிடப் பெரிய மானிட்டர் நல்லது. நான் ஆல்பம் டிசைன் செய்யும் மானிட்டரில்தான் பார்க்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் முடியும்வரை அது கிடைக்காது; அதற்குப் பிறகு வரும் சுற்றில் மறுபடி பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.