ஓர் உதட்டுச்சாய ரீலுக்கு எவ்வளவு கேட்பது?

தீபாவளிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே, கோலாலம்பூரில் அழகுக் குறிப்புக் காணொளிகள் செய்யும் எங்களைப் போன்றவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வந்து விழத் தொடங்கிவிடும்: "சிஸ், உங்க ரேட் என்ன?" தங்கள் பொருளைப் பற்றிக் காணொளி செய்துதர, பிரிக்பீல்ட்ஸ் மணப்பெண் அலங்காரக் கடையும் கேட்கும், ஷாப்பி இணையச் சந்தையில் மட்டும் விற்கும் புதுக் கம்பெனியும் கேட்கும். பதிலாகச் சொல்லப்படும் தொகை எந்தக் கணக்கில் பிறந்தது என்று விசாரித்தால், தோழி ஒருத்தி வாங்கியதில் ஐம்பது ரிங்கிட்டைக் கூட்டியோ குறைத்தோ சொன்னது என்பதுதான் பெரும்பாலும் தெரியவரும். உண்மையில் இங்கே புழங்கும் கணக்குகள் பல. ஒரே படைப்பாளரையும் ஒரே பொருளையும் வைத்துப் போட்டுப் பார்த்தால்தான் அவற்றுக்கிடையே உள்ள தூரம் புலப்படும். இன்ஸ்டாகிராமில் 12,000 பேர் பின்தொடரும், ஒரு ரீலுக்கு ஏறத்தாழ 8,000 பார்வைகள் பெறும் ஒருவர், 45 ரிங்கிட் விலையுள்ள உதட்டுச்சாயம் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் விகிதங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவையே தவிர, சந்தை விலைப்பட்டியல் அல்ல.

பின்தொடர்வோர் எண்ணிக்கையை வைத்து விலை சொல்வதே மிகப் பழைய வழி. பத்தாயிரம் பேருக்கு 100 டாலர் என்று அமெரிக்காவில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் வாய்பாட்டை, எண்ணை மாற்றாமல் டாலர் என்பதை மட்டும் ரிங்கிட் என்றாக்கி இங்கே பயன்படுத்துகிறார்கள்; நம் படைப்பாளருக்கு அது 120 ரிங்கிட். தமிழில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் தனியாக ஒரு பள்ளம் உண்டு. நம்மைப் பின்தொடர்வோரில் கணிசமானவர்கள் சென்னையிலும் மதுரையிலும் இருக்கக்கூடும், அவர்களால் மலேசியாவில் மட்டும் விற்கப்படும் பொருளை வாங்க முடியாது. விவரமறிந்த கம்பெனி ஊர்வாரியான புள்ளிவிவரத்தைக் கேட்டு வாங்கிய பிறகே பேரத்தைத் தொடங்கும்.

பார்வைகளை வைத்து, ஆயிரத்துக்கு 30 ரிங்கிட் என்று போட்டால் 240 வருகிறது. முந்தையதைவிட இது நேர்மையான அளவுகோல் என்றாலும், ஒப்பனைக் காணொளிக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. மாமியார் மருமகள் நகைச்சுவைக்கு ஒரே இரவில் குவியும் பார்வை, கருமையான சருமத்துக்கு எந்த ஷேட் பொருந்தும் என்று விளக்கும் ரீலுக்குக் குவியாது. ஆனால் அந்த ரீலைச் சேமித்து வைத்து, சம்பளம் வந்ததும் எடுத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரப் பார்வையை மட்டும் எண்ணிக் காசு கொடுத்தால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

டிக்டாக் ஷாப், ஷாப்பி போன்ற தளங்களின் கமிஷன் முறைதான் கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியானது: "எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு உங்களுக்கு." பத்து விழுக்காடு என்றால் ஒரு குச்சிக்கு 4 ரிங்கிட் 50 சென். பின்னால் சொல்லப்போகும் உழைப்புக் கூலியான 480 ரிங்கிட்டை இதில் ஈட்டுவதற்கு 107 குச்சிகள் விற்றாக வேண்டும். அதாவது பார்த்தவர்களில் 75 பேருக்கு ஒருவர் வாங்க வேண்டும், வாங்கியதைத் திருப்பியும் அனுப்பக் கூடாது. அதோடு, நம் காணொளியைக் கைப்பேசியில் திறந்து ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் உள்ள கடைக்காரரிடம் நீட்டி, "இதே கலர் இருக்கா தம்பி?" என்று கேட்கும் அக்காவின் ரிங்கிட், கமிஷனைக் கணக்கிடும் எந்த இணைப்பிலும் பதிவாகாது. நேரலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து விற்கத் தெரிந்தவர்களுக்குக் கமிஷன் நல்ல வழிதான். ஒரு நிமிட ரீல் செய்பவர் அதை அடிப்படைத் தொகைக்கு மேல் கிடைக்கும் உபரியாக வைத்துக்கொள்ளலாம்.

காசுக்குப் பதில் பொருள் என்னும் பண்டமாற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே மணப்பெண் அலங்காரம் செய்யும் பினாங்குப் பெண்ணுக்கு அது நியாயமாகவே இருக்கலாம், ஏனெனில் அந்தக் காணொளி அவருடைய சொந்தத் தொழிலுக்கும் விளம்பரமாகிறது. பொருளாகப் பெற்றாலும் அதன் மதிப்பு வருமானமே என்பது மலேசிய வருமான வரி வாரியத்தின் நிலைப்பாடு என்பதால், இலவசம் என்ற சொல்லில் மயங்க வேண்டாம். எந்தக் கணக்காக இருந்தாலும், சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்பிஆர்ஏவிடம் அப்பொருள் முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். முகத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்லி வரும் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் ஹைட்ரோகுயினோன் என்னும் வேதிப்பொருளும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குச் சொல்ல எனக்கு விலையே கிடையாது.

நான் சார்ந்து நிற்பது உழைப்புக் கணக்கை. உதட்டுச்சாயம் நீடிக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், காலை எட்டு மணிக்குப் பூசிக்கொண்டு, எல்ஆர்டி ரயில் நெரிசலில் நின்று, மதியம் வாழையிலைச் சாப்பாட்டில் ரசம் வரை குடித்துவிட்டு, அதன் பிறகு உதட்டில் என்ன மிச்சமிருக்கிறது என்று கேமராவுக்குக் காட்ட வேண்டும். செந்தூலில் உள்ள என் அடுக்குமாடி வீட்டில் நிறம் மாறாமல் பதிவாகும் வெளிச்சம் சன்னலோரத்தில்தான் கிடைக்கும். நான்கு மணிக்கு மழை இருட்டிவிட்டால் மறுநாள் மீண்டும் முதலிலிருந்து. மஞ்சள் விளக்கில் எடுத்தால் காப்பித்தூள் நிறம் செங்கல் நிறமாகத் தெரியும், வாங்கியவர் பிறகு நம்மைத்தான் திட்டுவார். நாள் முழுதும் பூசியிருந்ததற்கு நான் கூலி போடுவதில்லை. சோதித்துக் குறிப்பெடுக்க 2 மணி, எழுத 1, எடுக்க 3, தொகுக்க 4, திருத்தத்துக்கு 2 என்று 12 மணி நேரத்தை மணிக்கு 40 ரிங்கிட்டால் பெருக்கினால் 480. மெதுவாகத் தொகுப்பவருக்கு ஏன் அதிகம் தர வேண்டும் என்று கம்பெனி கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். ஆகவே இத்தொகையை, இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்னும் தரையாக வைத்துக்கொண்டு, பார்வைக் கணக்கு இதைத் தாண்டும் மாதங்களில் அதைக் கேட்கிறேன்.

இவை எல்லாமே காணொளி நம் பக்கத்தில் மட்டும் இருக்கும் வரைக்குமான விலை. அதைக் கம்பெனி தன் விளம்பரமாக ஓட்டுவது வேறு வியாபாரம். டிக்டாக்கில் அதற்கு நாம் ஓர் அனுமதிக் குறியீடு கொடுக்க வேண்டும், 7, 30, 60 அல்லது 365 நாள் என்று அதற்குக் கால அளவும் உண்டு. "கோட் மட்டும் அனுப்புங்க சிஸ்" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அவசரத்தில் 365ஐத் தட்டிவிட்டால் ஓராண்டுக்கு நம் முகம் அவர்கள் கையில். முப்பது நாளுக்கு அடிப்படைத் தொகையில் 30 விழுக்காடு, அதாவது 144 ரிங்கிட் என்பது என் கணக்கு. இரண்டு மாதம் வேறு உதட்டுச்சாயத்தைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை தீபாவளிக் காலத்தில் வந்தால், அதற்குள் கைவிட வேண்டிவரும் வேலைகளின் கூலியைத்தான் கேட்க வேண்டியிருக்கும், விழுக்காடெல்லாம் அங்கே உதவாது.

இதை நான் தாமதமாகவே கற்றேன். ஒரு கடைக்கு 300 ரிங்கிட்டுக்குக் காணொளி செய்து, கேட்டார்களே என்று படங்களையும் சேர்த்து அனுப்பினேன். மறு ஆண்டுத் தீபாவளிக்குப் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தபோது, என் முகம் ஆளுயர விளக்குப் பலகையில் எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "அதான் காசு கொடுத்தாச்சேம்மா" என்றார்கள். நான் எழுத்தில் எதுவும் வாங்கியிருக்கவில்லை. இப்போது அனுப்பும் விலைக் குறிப்பில் ரீலுக்கு ஒரு வரி, இணைய விளம்பர அனுமதிக்கு நாள் கணக்குடன் ஒரு வரி, கடைப் பலகைக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது. மூன்றாவது வரியைப் படித்ததும் பெரும்பாலோர், "போர்டு வேண்டாம் சிஸ், ரீல் மட்டும் போதும்" என்று எழுதிவிடுகிறார்கள்.