பால்டர்ஸ் கேட் 2, ஐஸ்விண்ட் டேல், டெம்பிள், விசார்ட்ரி 8: பழசில் எதை முதலில் ஆடலாம்?

பால்டர்ஸ் கேட் 3 என்கிற ரோல்-பிளேயிங் கம்ப்யூட்டர் கேமை ஆடி முடித்த தமிழ்ப் பசங்க பெங்களூரில் எங்கள் ஆபீஸில் நிறைய. "பழசுல முதல்ல எதுண்ணா?" என்று யார் கேட்டாலும் என் பதில் பால்டர்ஸ் கேட் 2. ஆனால் அது எல்லாருக்கும் ஒத்துவராது.

2000-ல் பயோவேர் கொண்டுவந்த கேம் இது. சண்டை நிற்காமல் ஓடும். ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தி, உங்கள் பார்ட்டியில் (கூட்டிப்போகும் குழுவில்) இருக்கும் ஆறு பேருக்கும் தனித்தனியாக வேலை சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று மாறி மாறி ஆடும் டர்ன் முறையில் பழகிய கைக்கு முதல் சில சண்டைகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே பிடிபடாது. ஃபயர்பாலை ஏவி அது போய் விழுவதற்குள் எதிரி உங்கள் ஆள் பக்கத்துக்கே வந்திருப்பான், தீ இருவரையும் சேர்த்துத்தான் சுடும். ஆர்மர் கிளாஸ், அதாவது அடிபடாமல் காக்கும் எண், குறையக் குறைய நல்லது என்கிற பழைய கணக்கு வேறு. எதிரி மந்திரவாதி அடுக்கடுக்காகப் பாதுகாப்பு போட்டுக்கொண்டு நிற்பான், எந்த ஸ்பெல் எந்த அடுக்கை உரிக்கும் என்று தெரியும் வரை வாள் வீசிப் பயனில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ள வைப்பது கூட வரும் ஆட்கள். கெல்டார்ன் ஒரு பாலடின், அதாவது அறம் தவறாத வீரன்; வைகோனியா ஒரு டிரவ், அதாவது கொடுமைக்குப் பேர்போன நிலத்தடி எல்ஃப் இனத்தவள். இருவரையும் ஒரே பார்ட்டியில் வைத்திருந்தால் போகிற வழியிலேயே வாய்ச்சண்டை மூண்டு, கடைசியில் ஒருவரையொருவர் கொல்லப் பாய்கிற வரை போகும். அப்போது யாரை இழப்பது என்று யோசிக்கிறீர்கள் பாருங்கள், பார்ட்டி கேம் என்றால் எனக்கு அதுதான். அவர்களுக்குச் சொந்த வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போட்டால் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அதே ஆண்டு, பால்டர்ஸ் கேட் 2-ஐ இயக்கும் அதே இன்ஃபினிட்டி எஞ்சின் மென்பொருளில் பிளாக் ஐல் செய்தது ஐஸ்விண்ட் டேல். இதில் ஆறு பேரையும் நீங்களே உருவாக்க வேண்டும், அதனால் யாரும் உங்களை எதிர்த்துப் பேசுவதில்லை. கதையும் கிளை பிரியாமல் நேராகப் போகும். எனக்கு அந்த அமைதி பாதியிலேயே அலுத்துவிடுகிறது. ஆனால் ஜெரமி சோல் இசையோடு குல்டஹார் கிராமத்துப் பெருமரத்தடிக்கு வந்து சேரும் இடம் அருமை. டேப்லெட்டிலும் கிடைக்கிறது, பர்பிள் லைன் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு சண்டையை முடித்து சேவ் செய்துவிட்டு இறங்கலாம்.

சண்டை மட்டும்தான் முக்கியம் என்றால் டிராய்கா உருவாக்கி 2003-ல் வெளிவந்த டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில் பக்கம் வாருங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் 3.5 எடிஷன் விதிகள், முழுக்க டர்ன். எதிரி முன்னால் நிற்கும்போது வில்லால் எய்தால் அவனுக்கு ஒரு இலவச அடி கிடைக்கும், ஐந்தடி பின்னால் நகர்ந்து எய்தால் தப்பிக்கலாம். இந்தச் சின்னச் சின்னக் கணக்குகளை இவ்வளவு சுத்தமாகச் செய்த பழைய கேம் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் கதை மெலிந்தது, ஆரம்ப கிராமமான ஹாம்லெட்டில் எடுபிடி வேலையே அதிகம், வந்த புதிதில் பக் ஏராளம். ரசிகர்கள் செய்த சர்க்கிள் ஆஃப் எய்ட் பேட்சைப் போடாமல் தொடங்காதீர்கள்.

விசார்ட்ரி 8 (2001) பற்றி நம் ஆட்கள் பேசுவதே இல்லை, அது எனக்கு வருத்தம். முதல் நபர் பார்வையில் போகும், நீங்கள் உருவாக்கும் ஆறு பேரோடு இரண்டு பேரை வழியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குரலும் சுபாவமும் தேர்ந்தெடுக்கலாம், அதனால் நாமே செய்த கேரக்டர்கூட வாய் திறந்து பேசும். ஐஸ்விண்ட் டேலில் நான் தேடியது இதைத்தான். குறை வேகம்: ஆர்னிகா சாலையில் கூட்டம் கூட்டமாக எதிரிகள் வருவார்கள், ஒவ்வொன்றும் தன் முறைக்கு நகர்ந்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். நம் லெவல் ஏற ஏற அவர்களும் பலமாவார்கள்.

அதே காலத்து கேமான பிளேன்ஸ்கேப் டார்மென்ட்டை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. எழுத்துக்காக ஆட வேண்டியது அது, சண்டை சுமார்தான்.

டர்ன் பழக்கத்தை விட முடியாதவர்கள் டெம்பிளை முடித்துவிட்டு பால்டர்ஸ் கேட் 2-க்கு வரலாம். வந்ததும் கைடைப் பார்த்து பலமான ஆறு பேரைப் பொறுக்காமல், பேச்சு பிடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டை கடினமாக இருந்தால் ஆப்ஷன்ஸில் போய் எப்போது வேண்டுமானாலும் டிஃபிகல்ட்டியைக் குறைத்துக்கொள்ளலாம்.