காட்டு ரோஜாவா, கலப்பினமா? வேரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இயற்கையில் தானாக வளரும் ரோஜா இனங்களையும், அவற்றை வைத்து மனிதர்கள் உருவாக்கிய கலப்பினங்களையும் நான் வளர்த்துப் பார்த்தேன். இனி நான் நட்டு வளர்க்கப்போவது பெரும்பாலும் காட்டு இனங்களைத்தான். அதனால் இந்த அலசலில் என் சாய்வு தெரியும்.

பூ என்று பார்த்தால் கலப்பினங்களுக்கே வெற்றி. அடுக்கிதழ், நீண்ட மொட்டு, திரும்பத் திரும்பப் பூப்பது என எல்லாம் அவற்றிடம் உண்டு. காட்டு இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து இதழ்தான், பூப்பதும் ஆண்டுக்கு ஒரு முறைதான். ரூகோசா மாதிரி பருவம் முழுக்கப் பூப்பவை குறைவு. குவளையில் வைக்கப் பூ வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் கலப்பினமே வாங்கலாம்.

நோய் விஷயத்தில் 'காட்டு இனம் என்றால் நோயே வராது' என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ரூகோசாவின் சுருக்கம் விழுந்த தடித்த இலையைக் கரும்புள்ளி நோய் அவ்வளவாகத் தொடுவதில்லை. மருந்து அடித்தால்தான் அந்த இலை கருகும். ஆனால் மஞ்சள் பூ பூக்கும் ஃபீடிடாவும் காட்டு வழி வந்ததுதான், அதைக் கரும்புள்ளி பாடாய்ப் படுத்தும். அந்த மஞ்சளுக்காக பிரான்ஸின் ரோஜா வளர்ப்பாளர் பெர்னே டுஷே அதைக் கலந்து 1900-இல் 'சொலே டோர்' ரோஜாவை வெளியிட்டார். நிறத்தோடு அந்தப் பலவீனமும் பின்வந்த கலப்பினங்களுக்குள் இறங்கிவிட்டது. ஆகவே காட்டு இனமா என்பதோடு, எந்த இனம் என்றும் கேட்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது மண்ணுக்குள் இருக்கும் வேர். கடையில் கிடைக்கும் கலப்பினங்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். மேலே நீங்கள் விரும்பி வாங்கிய ரகம், கீழே மல்டிஃபுளோரா, கனினா போன்ற காட்டு இனமோ, கருஞ்சிவப்பாகப் பூக்கும் 'டாக்டர் ஹ்யூயி' ரகமோ வேர்ச்செடியாக இருக்கும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்துகளைக் கவனிக்காமல் விட்டால், அவை உணவையும் வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டு மேல்பகுதியைச் சாகடிக்கும். 'என் மஞ்சள் ரோஜா கருஞ்சிவப்பாக மாறிவிட்டது' என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் மஞ்சள் செத்துப்போய் டாக்டர் ஹ்யூயி பூத்திருக்கிறது என்று அர்த்தம். குச்சி நட்டு வேர்விட வைத்த காட்டு ரோஜாவில் இந்தத் தொல்லை இல்லை. எந்தப் போத்து வந்தாலும் அதே செடிதான். மேல்பகுதி ஒடிந்தாலும், பனியில் கருகினாலும் வேரிலிருந்து அதுவே மறுபடி எழும்.

போத்தை அடையாளம் காண, ஓர் இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து என்றால் நல்ல ரகம் என்று பலரும் எண்ணிப் பார்க்கிறார்கள். இதை நம்ப வேண்டாம். காட்டு இனமான சினென்சிஸுக்கு மூன்று, ஐந்து சிற்றிலைகளே சாதாரணம். ஏழு விடும் கலப்பினங்களும் உண்டு. அதற்குப் பதிலாக இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் செதிலைப் பாருங்கள். அதன் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்திருந்தால் மல்டிஃபுளோராவின் ரத்தம் இருக்கிறது. பூத்திருந்தால் நடுவிலும் பாருங்கள்: மல்டிஃபுளோரா, விச்சுரானா, மொஸ்காட்டா கூட்டத்தில் சூல்தண்டுகள் (பூவின் பெண் பாகத்தில் உள்ள மெல்லிய தண்டுகள்) ஒன்றாக ஒட்டி ஒரே தூணாக நிற்கும், சினென்சிஸில் தனித்தனியாக இருக்கும். அப்புறம், போத்தை மேலோடு வெட்டினால் இன்னும் கொத்தாகக் கிளம்பும். மண்ணைத் தோண்டி, வேரோடு சேரும் இடத்தில் பிய்த்து எடுங்கள்.

ஒட்டில்லாமல் சொந்த வேரில் வளர்வதால் வரும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். ரூகோசா பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். வட ஐரோப்பியக் கடற்கரை மணல்மேடுகளில் அது ஆக்கிரமிப்புச் செடியாகிவிட்டது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மல்டிஃபுளோராவைக் களையாக அறிவித்திருக்கின்றன. உங்கள் பகுதியில் நட அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு நடுங்கள். கவாத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு: ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை முந்தைய ஆண்டுக் கிளையில்தான் பூக்கும், அதனால் பூ முடிந்த பிறகே வெட்ட வேண்டும்.

விதையிலிருந்து வளர்த்தால் பெரும்பாலும் தாய்ச்செடி அப்படியே கிடைக்காது. பக்கத்தில் வேறு ரோஜா இருந்தால் தேனீ கலந்துவிடும். கனினா மட்டும் விசித்திரம்: அதன் 35 குரோமோசோம்களில் 28 தாய் வழி வருபவை என்பதால் கன்றுகள் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் எனக்கு அனுபவம் குறைவு. ரூகோசா குளிரை விரும்புவது, அங்கே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வங்காளத்தின் ஆற்றங்கரைகளில் வெள்ளத்தையும் தாங்கி வளரும் கிளைனோபில்லா, மணிப்பூர், மியான்மர் மலைகளில் படர்ந்தேறும் ஜைகாண்டியா ஆகியவற்றை வைத்து ரோஜா வளர்ப்பாளர் வீரராகவன் கொடைக்கானலில் கலப்பினங்கள் உருவாக்கினார். வெப்பப் பகுதிக்காரர்கள் காட்டு இனத்தைத் தேடி அலைவதைவிட அந்த வகைக் கலப்பினத்தை, சொந்த வேரில் கிடைத்தால், முதலில் நட்டுப் பார்க்கலாம்.