ஆப்பில் ஓடும் ரீஃப் விளக்கு: வாங்கியதும் முதலில் மாற்ற வேண்டியது ஷெட்யூல்

பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எத்தனை வாட், எத்தனை சேனல் (தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் நிறங்கள்) என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: அதன் ஆப்பில் ஷெட்யூலை, அதாவது எந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதை, நம் இஷ்டத்துக்கு எழுத முடியுமா, எழுதியது மாறாமல் தினமும் ஓடுமா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் நடுத்தரமான விளக்கிலேயே பவளம் அருமையாக வளரும்.

நான் வைத்திருப்பது ராயல் ப்ளூ, ப்ளூ, வயலெட், யூவி, வெள்ளை, கூடவே கொஞ்சம் சிவப்பு, பச்சை என்று ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய எல்இடி. இந்த மாதிரி விளக்கைப் பல கம்பெனிகள் செய்கின்றன, நான் எழுதுவதில் பெரும்பகுதி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் பெயர் வேண்டாம்.

வெளிச்சம் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொட்டியின் நடுவில் மணலில்கூட மென்பவளங்களுக்குத் தாராளமாகப் போதும், பாறையின் உச்சியில் மாண்டிபோரா என்ற கல் பவளம் வைக்கலாம். ஓரங்களில் சட்டென்று குறைகிறது, அது ஒற்றை விளக்கு என்றாலே வருவதுதான், தொட்டி நீளமாக இருந்தால் இரண்டு வாங்க வேண்டியிருக்கும்.

சரி, ஷெட்யூலுக்கு வருவோம். பெட்டியைப் பிரித்து மாட்டியதும் ஓடுகிற ஷெட்யூல் காலையில் ஆரம்பித்து இரவு வரை, அதில் 10 மணி நேரம் உச்சத்திலேயே நிற்கிறது. கடையில் பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று போட்டிருப்பார்கள் போலிருக்கிறது, புதிதாக வந்த பவளத்தின் மேல் அதை அப்படியே ஓட விடாதீர்கள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் பாசிதான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சாப்பாட்டில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது, அந்தப் பாசிக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு வரைக்கும் வெளிச்சம் கூடக்கூட உணவு கூடும், அதற்கு மேல் கொடுப்பது வீண், இன்னும் மேலே போனால் கெடுதல், பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும்.

அதனால் எத்தனை மணி நேரம் என்ற கேள்வியைத் தனியாகக் கேட்கக் கூடாது, எவ்வளவு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் கணக்கு நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். 120 பாரில் 10 மணி நேரம் ஓட்டினாலும் 200 பாரில் 6 மணி நேரம் ஓட்டினாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் விழும் மொத்தம் ஒன்றுதான், 4.32 மோல் (பார் என்பது ஒரு நொடிக் கணக்கு, மோல் என்பது விழுந்த ஒளித்துகள்களின் மொத்தக் கணக்கு). ஆனால் காளான் பவளத்துக்கு இரண்டும் ஒன்றில்லை, 200-ஐ அது தாங்காமல் ஓரம் சுருண்டு உட்கார்ந்துவிடும், 120 அதற்குச் சுகம். அதிக வெளிச்சம் கேட்கும் கல் பவளமான அக்ரோபோரா வைத்திருப்பவர் 200-லிருந்துதான் யோசிக்கவே ஆரம்பிப்பார். ஆக, உச்சத்தை எந்தப் பவளம் என்று பார்த்து முடிவு செய்துவிட்டு, மணி நேரத்தை அப்புறம் கூட்டிக் குறைப்பதுதான் சரியான வரிசை.

என் தொட்டியில் சுத்தியல் பவளம், ஜோவாந்திட் (கூட்டமாக வளரும் சின்னப் பூ மாதிரியான பவளம்), காளான் என்று கலந்து இருப்பதால் நடுவில் 130 பார் அளவில் வைத்திருக்கிறேன். காலை 11 மணிக்கு நீலம் மட்டும் மெல்ல ஏற ஆரம்பித்து மதியம் 1 மணிக்கு உச்சம், அங்கிருந்து இரவு 8 வரை அசையாமல் 7 மணி நேரம், பிறகு 2 மணி நேரத்தில் இறங்கி 10 மணிக்கு முழு இருட்டு. ஏறும் 2 மணி நேரமும் இறங்கும் 2 மணி நேரமும் சேர்ந்து உச்சத்தில் 2 மணி நேரத்துக்குத்தான் சமம், எனவே பவளத்தின் கணக்கில் இது 9 மணி நேரம், சுமார் 4.2 மோல். சூரியனோடு சேர்ந்து காலை 6 மணிக்கே போட வேண்டும் என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள், பவளத்துக்குக் கடிகாரம் தெரியாது, தினமும் ஒரே மாதிரி வந்தால் போதும். நான் வீட்டில் இருக்கும் சாயங்காலத்தில் தொட்டி முழு அழகில் இருக்கிறது, இதற்காகவே இந்த ஆப்பை எனக்குப் பிடிக்கும்.

ஆப்பில் வரும் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். நீலம் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், வெள்ளை கொஞ்சம் கூட்டினாலே பளிச்சென்று தெரியும், பவளத்தின் பாசிக்கோ நீலம்தான் முக்கியமான சாப்பாடு. மங்கலாக இருக்கிறதே என்று நீலத்தை ஏற்றிக்கொண்டே போனால் கண்ணுக்கு இதமாகவே இருக்கும், கீழே பவளம் வெந்துகொண்டிருக்கும். ராடியான் என்ற பிரபல விளக்கில் தயாராக வரும், நீலம் தூக்கலான ஏபி பிளஸ் ஷெட்யூலைப் பார்த்து அதே எண்களை வேறு விளக்கில் போடுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நீலம் தூக்கலாக, வெள்ளை அளவாக என்ற யோசனை நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பல்பும் லென்ஸும் தொங்கும் உயரமும் மாறினால் அந்தச் சதவீதங்களுக்கு அர்த்தமே இல்லை. பார் மீட்டர் ஒரு நாளைக்கு இரவல் கிடைத்தாலும் போதும், மணல், நடுப்பாறை, உச்சி என்று அளந்து குறித்து வைத்துக்கொள்ளலாம். போன் கேமராவில் அளக்கும் ஆப்கள் நீல வெளிச்சத்தில் தப்புத் தப்பாகக் காட்டும்.

மீட்டர் கிடைக்காவிட்டால் பவளத்தையே பாருங்கள், அது சொல்லிவிடும். சுத்தியல் பவளம் விளக்கு ஏறும்போது நன்றாக விரிந்துவிட்டு, உச்சம் வந்து ஓரிரண்டு மணி நேரத்தில் கைகளை எலும்போடு ஒட்டி இழுத்துக்கொண்டு, இறங்கும் நேரத்தில் மறுபடி விரிந்தால், உச்சம் அதற்கு அதிகம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். நாள் முழுக்கச் சுருங்கியே இருந்தால் காரணம் வேறு, நீரோட்டத்தையும் தண்ணீரையும் சோதியுங்கள். ஜோவாந்திட் தண்டு நீண்டு விளக்கைப் பார்த்து எக்கினால் வெளிச்சம் போதவில்லை. அக்ரோபோரா பழுப்பாகிக்கொண்டே போவதற்கும் குறைந்த வெளிச்சம் ஒரு காரணம்.

இந்த விளக்கில் மனதாரப் பாராட்ட வேண்டியது பழக்கப்படுத்தும் மோடு. புதுப் பவளம் வந்தால் ஷெட்யூலின் வெளிச்சம் முழுவதையும் பாதியாகக் குறைத்து, நாம் சொல்லும் வாரங்களில் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுகிறது. 4 முதல் 6 வாரம் வைத்தால் நிம்மதி. ஏறுகிற வாரங்களில் காரத்தன்மையை அடிக்கடி அளந்து பாருங்கள், வெளிச்சம் கூடினால் கல் பவளம் எலும்பு கட்டும் வேகமும் கூடும், தண்ணீரில் தினமும் ஊற்றும் தாதுக்களின் பழைய அளவு (டோசிங்) பற்றாமல் போகும். மாற்றம் செய்தால் இரண்டு வாரமாவது காத்திருந்து பாருங்கள், தினமும் ஆப்பைத் திறந்து நோண்டுவதால் பவளம் எதற்கும் பழகாமல் தவிக்கும்.

மின்னல், மேகம் எல்லாம் இருக்கிறது, நான் அணைத்து வைத்திருக்கிறேன், மீன் மிரள்வதுதான் மிச்சம். நிலா வெளிச்சம் ஓர் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பவளத்துக்கும் மீனுக்கும் நிஜமான இருட்டு தேவை. அதே இரவில் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் துணைத் தொட்டியில்) உள்ள பாசித் தொட்டிக்கு விளக்கு எரியும்படி எதிர் ஷெட்யூல் வைத்தால் இரவில் பிஹெச் இறங்குவது குறையும், அதற்குச் சாதாரண டைமர் போதும்.

பெரிய குறை ஒன்று உண்டு. கரண்ட் போய் வந்தால் விளக்கின் கடிகாரம் தொலைந்துவிடுகிறது, போன் இணைக்கிற வரைக்கும் அது பழைய நேரத்திலிருந்தே ஓடுகிறது, நடு இரவில் தொட்டி முழு நீலத்தில் ஜொலிக்கும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தால் தீர்கிற விஷயம், இந்த விலைக்கு அதைச் செய்யாதது எனக்குக் கோபம்தான். நீங்கள் வாங்கும் விளக்கில் இது எப்படி என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

லென்ஸ் மேல் உப்பு படிவதையும் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம்கூட வெளிச்சத்தைத் தின்னும், மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒரே நாளில் துடைத்தால் கீழே இருக்கும் பவளத்துக்குத் திடீரென்று வெளிச்சம் ஏறும். வாரம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், அப்போதே விசிறியில் சேர்ந்த தூசியையும் ஊதிவிடுங்கள்.