அகப்பையில் வரைந்த முகங்கள்

கூத்தோ நாடகமோ, எது பார்க்கப் போனாலும் வாத்தியக்காரர்கள் பக்கமாக இடம் பிடித்து உட்காருகிற ஆள் நான். சீன எழுத்தாளர் ஜியா பிங்வா, தன் மாகாணமான ஷான்ஷியின் பாட்டு நாடகத்தின் பெயரிலேயே எழுதிய ‘தி ஷான்ஷி ஓப்பரா’வை வாங்கியதும் அந்த ஆசையில்தான். சீனத்தில் 2005-இல் வந்து, 2008-இல் சீனாவின் பெரிய நாவல் விருதான மாவ் துன் பரிசு பெற்ற நாவல். நான் படித்தது நிக்கி ஹார்மனும் டிலன் லெவி கிங்கும் செய்து 2023-இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு.

ஷான்ஷி மாகாணத்தில் சிங்ஃபெங் தெரு என்றொரு கிராமம். பெயர் கற்பனை; ஊர், ஜியா பிறந்து வளர்ந்த திஹுவாதான். கதை சொல்கிறவன் இன்ஷெங், ஊரே பைத்தியம் என்று சொல்லும் இளைஞன். நாடகக்காரி பாய் ஷுவேமேல் அவனுக்குப் பித்து. அவளோ நகரத்தில் எழுத்தாளனாகிவிட்ட ஷியா ஃபெங்கைக் கட்டிக்கொள்கிறாள். அந்த மாப்பிள்ளைக்கு நாடகமே பிடிக்காது!

எனக்கு மறக்காதவர் மாப்பிள்ளையின் அப்பா, தியன்ஜி. ஓய்வுபெற்ற பள்ளித் தலைமை ஆசிரியர். பெரிய மர அகப்பைகளின் முதுகில் நாடக முகப்பூச்சுகளை வரைந்து சேர்த்துக்கொண்டே இருப்பார். ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே பாட்டுப் போடுவார். ஊர்ப் பிள்ளைகளோ, பழத்தோட்டம் குத்தகைக்கு எடுத்த வெளியூர்ப் பையன் பாடும் பாப் பாட்டின் பின்னால் போகிறார்கள். நாடகக்குழு உடைந்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாடிப் பிழைக்கிறது. தியன்ஜி செத்தபோது சவப்பெட்டி தூக்கப் போதுமான வாலிபர்கள் ஊரில் இல்லை. எல்லாரும் பிழைக்கப் போய்விட்டார்கள். இவ்வளவையும் ஜியா ஊர் வம்புபோலத்தான் சொல்லிக்கொண்டு போகிறார், குரலை உயர்த்துவதே இல்லை. ஒப்பாரி வைத்திருந்தால் பாதியில் மூடியிருப்பேன்.

ஷான்ஷி ஓப்பராவின் இசையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தாளத்துக்குக் கட்டை, பாட்டோடு இழையும் பான்ஹு என்கிற இரண்டு தந்தி வாத்தியம், அடித்தொண்டையிலிருந்து பீறிடும் குரல். மெட்டுகளில் ‘அழுகை ஓசை’, ‘மகிழ்ச்சி ஓசை’ என்று இரு வகை உண்டு. ஒரே பாட்டு அமைப்பில் அழுத்தம் விழும் சுரங்கள் மாறினால் போதும், கேட்கிற நெஞ்சு புரண்டுவிடும். சீன மூலத்தில் சில இடங்களில் சுரங்களை எண்களால் எழுதும் எண் சுரக்குறிப்பே அச்சாகியிருக்கிறது. யூடியூபில் அரைமணி நேரமாவது கேட்டுவிட்டு நாவலைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் தியன்ஜியின் வெறி வெறும் கிழட்டுப் பிடிவாதமாகத் தோன்றும்.

மண் பக்கத்துக் கதையும் சளைத்ததில்லை. தியன்ஜியின் அண்ணன் தியன்யி, ஊரின் பழைய தலைவர். பள்ளத்தாக்கை நிரப்பி விளைநிலம் ஆக்க வேண்டும் என்று நிற்கிறார். இன்றைய தலைவரான, மூத்த அண்ணன் தியன்ரெனின் மகன் ஜுன்திங்குக்குச் சந்தை கட்ட வேண்டும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. வரி வசூல் கலவரமாக வெடிக்கும் பகுதி அபாரம். சீனாவில் விவசாய வரி ஒழிந்தது 2006-இல், நாவல் வந்த மறு வருஷம்.

குறை இல்லாமல் இல்லை. பாய் ஷுவேயை இன்ஷெங்கின் ஏக்கக் கண் வழியாகவே பார்க்கிறோம். மேடையில் நிற்கும்போது அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று கடைசிவரை தெரியவில்லை. பாடுகிறவளின் கதையில் இது பெரிய ஓட்டை. ஆரம்பத்திலேயே இன்ஷெங் தன் ஆணுறுப்பை அறுத்துக்கொள்கிறான். மனம் இளகியவர்கள் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பெயர்க் குழப்பம் நிச்சயம் வரும். ஷியா சகோதரர்கள் நால்வர்: தியன்ரென், தியன்யி, தியன்லி, தியன்ஜி. ஒரு தாளில் குடும்பக்கொடியை வரைந்து புத்தகத்துக்குள் வையுங்கள். நூறு பக்கம்வரை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதன் பிறகு எந்தப் பெண்டாட்டி எந்தக் கொழுந்தனோடு பேசுவதில்லை என்பதுவரை உங்களுக்கே அத்துப்படி.