லேப்டாப் போர்டு: புதியதா, பழையதா, பழுதுபார்ப்பதா?

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். ஜன்னல் கம்பியை அரிக்கும் உப்புக்காற்று கணினியையும் அரிக்கும். சென்ற ஆண்டு ஒரு காலையில் தங்கையின் லேப்டாப்பில் விளக்குகூட எரியவில்லை. "போர்டு போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்றார் சர்வீஸ் சென்டர் ஊழியர். போர்டு என்பது கணினியின் உறுப்புகளையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு. அவர் சொன்ன தொகை, அதே தரத்தில் புதிய கணினி வாங்கும் விலையில் பாதியைத் தாண்டியது.

உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால் யோசிக்கவே வேண்டாம், அவர்களிடமே கொடுங்கள். சரியான போர்டு வரும், அதற்கும் உத்தரவாதம் உண்டு. அந்தக் காலம் கடந்துவிட்டால் புதிய போர்டைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

முதல் வழி, இருக்கும் போர்டையே பழுதுபார்ப்பது. போர்டு போய்விட்டது என்று சொல்லப்படும் கணினிகளில் பலவற்றில் போனது ஒரே ஒரு உறுப்புதான். கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆனாலும் சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட் அதற்கு மேல் நகராது. தண்டையார்பேட்டையில் சிப் லெவல் வேலை (போர்டிலுள்ள தனித்தனி உறுப்புகளையே மாற்றும் வேலை) செய்யும் ஒருவர் மல்டிமீட்டரை வைத்து, அது கூவும் இடத்தை எனக்கே காட்டினார். அந்த ஒன்றை மாற்றி, இணைப்பிகளில் படிந்திருந்த பச்சைக் களிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததும் தங்கையின் கணினி எழுந்துகொண்டது.

ஆனால் பிராசசரோ கிராபிக்ஸ் சிப்போ போயிருந்தால் கதை வேறு. "சூடு காட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சூடேற்றிய சிப் சில வாரம் ஓடிவிட்டு மறுபடியும் படுத்துவிடுவதுண்டு. எந்த உறுப்பு பழுது என்று பெயர் சொல்பவருக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

எதிர்வீட்டுத் தம்பியின் கணினியில் பிராசசரே போய்விட்டது. அவனுக்கு ஒத்துவந்தது இன்னொரு வழி: வேறு கணினியிலிருந்து கழற்றிய பழைய போர்டு. தேரடியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். அங்கே மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது பெரிய தவறு. ஒரே மாடல் பல பிராசசர்களுடன், தனி கிராபிக்ஸ் உள்ளதாகவும் இல்லாததாகவும் விற்பனைக்கு வந்திருக்கும். போர்டின் மீதே அச்சிட்ட எண் உங்கள் போர்டின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் பொருந்தாமல் நிற்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இயக்கச் சொல்லி, பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாற்றும் வேலையைக் கடைக்காரரிடமும் விடலாம். நாங்கள் வீட்டு மேசையில் செய்தோம், பொறுமை இருந்தால் அதுவே நல்லது என்பேன். சார்ஜரை எடுத்து, மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பொத்தானை 20 விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான், ஆனாலும் ஏசி அறையில் அந்த நம்பிக்கை வேண்டாம். விரலில் சுருக்கென்று உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும், சிப் கெடுவதற்கோ அதில் சிறு பங்கு போதும். அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு அட்டையில் கணினியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அதனதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். குட்டை ஸ்க்ரூவின் துளையில் நெட்டையை முறுக்கினால் போர்டையே துளைத்துவிடும். தட்டையான கேபிள்களை இழுக்காதீர்கள், முதலில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்து நகத்தால் மெல்லத் தூக்குங்கள். வைஃபை கம்பிகளின் நிறத்தைப் படம் எடுத்துக்கொள்வதும் உதவும். ஹீட்சிங்கில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தால் இறுக்கும்போது அதே வரிசை, தளர்த்தும்போது தலைகீழ். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைக்க வேண்டும். கழற்றும்போது பழைய போர்டு மேலே வரவில்லையா? எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது, பலத்தைக் காட்டாமல் தேடுங்கள்.

புதியதோ பழையதோ, போர்டு மாறினால், வட்டிலுள்ள தரவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். தம்பியின் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்ததால் அவனுடைய ப்ராஜெக்ட் முழுவதும் பிழைத்தது. அதை உறுதிசெய்த பிறகே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தோம். விண்டோஸ் உரிமமும் பழைய போர்டோடு பிணைந்தது, மீண்டும் பதிவுசெய்ய வேண்டியிருக்கலாம்.

மூடியைப் பூட்டும் முன் ஒருமுறை இயக்கிப் பார்த்தோம். மின்விசிறி சுழன்றது, திரை வந்தது, ஆனால் ஒரு இணையதளமும் திறக்கவில்லை. வந்த போர்டின் தேதி பல ஆண்டு பின்னால் நின்றிருந்தது; தேதி தப்பினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தெரியும். தேதியை ஓடவைக்கும் பட்டன் பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தன.