பனிக்கிண்ணமா, இரும்புக்கல்லா?

கொரிய இனிப்பையும் ஜப்பானியத் தெருத்தீனியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று சாப்பாட்டுக்குப் பிறகு வருவது, மற்றது சாப்பாட்டையே தள்ளிப்போட வைப்பது. ஆனால் இரண்டு நாட்டுக்கும் சேர்த்துக் கிளம்புகிறவருக்கு இருப்பது ஒரே வயிறு. எங்கே எதற்கு இடம் விடுவது? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப்பென்றால் கொரியா, நின்றுகொண்டே உப்பும் புளிப்புமாகத் தின்பதென்றால் ஜப்பான். நடுவில் ஒரு மீன் மட்டும் வழக்கில் கிடக்கிறது.

அந்த மீனிலிருந்தே தொடங்கலாம். ஜப்பானில் தையாகி, கொரியாவில் புங்கொப்பாங். இரண்டுமே மீன் வடிவ அச்சில் கோதுமை மாவை ஊற்றி, உள்ளே சிவப்புப் பயறு பூரணம் வைத்துச் சுடுவது. தோக்கியோவில் 1909இல் தொடங்கிய நானிவாயா என்ற கடையைத்தான் தையாகியின் பிறப்பிடமாகச் சொல்வார்கள். ஜப்பானிய ஆட்சி நடந்த 1930களில் அது கொரியாவுக்குப் போனது. பயறை இனிப்பாகத் தின்பதா என்று ஐரோப்பியப் பயணிகள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். போளியும் சுழியனும் தின்று வளர்ந்த நமக்கு அந்தச் சங்கடம் இல்லை, முதல் கடியிலேயே உறவு பிடிபட்டுவிடும்.

பழைய பாணி தையாகிக் கடைகளில் நீண்ட பிடி வைத்த இரும்பு அச்சில் ஒவ்வொரு மீனாகச் சுடுகிறார்கள். இப்படிச் சுட்டதைக் கடலில் பிடித்த மீன் என்றும், ஒரே தட்டில் பலவாக வார்த்ததைப் பண்ணை மீன் என்றும் பிரித்துப் பேசும் ரசிகர்கள் அங்கே இருக்கிறார்கள். கடல் மீனுக்குத் தோல் மெல்லிசு, ஓரம் லேசாகக் கருகியிருக்கும், பூரணம் வால்வரை போயிருக்கும். கொரிய மீன் இன்னும் சின்னது, மலிவு, காகிதப் பையில் இரண்டு மூன்றாகப் போட்டுத் தருவார்கள். பையின் வாயை மூடாதீர்கள். ஆவி உள்ளேயே நின்றால் ஐந்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்த் துவண்டுவிடும். குளிர்காலத்தில் இந்த மீன் விற்கும் வண்டிகளுக்குக் கொரியாவில் இருக்கும் மவுசு தனி. எந்தத் தெருவில் வண்டி நிற்கிறது என்று காட்ட ஒரு செயலியே இருக்கிறது, பெயர் ‘நெஞ்சுக்குள் 3000 வோன்’. வண்டியைக் கண்டால் கொடுப்பதற்காகச் சில்லறைப் பணம் வைத்துக்கொண்டே திரியும் பழக்கத்திலிருந்து வந்த பெயர். இருந்தாலும் தீர்ப்பு சுவைக்குத்தானே? ஒற்றை அச்சில் சுட்ட தையாகிக்கே என் ஓட்டு.

ஆனால் கொரியாவுக்கு அது ஒரு புள்ளி இழப்புதான். பனியில் வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொள்கிறது. ஜப்பானியத் திருவிழாக் கடைகளின் ககிகோரி, கட்டிப்பனியைச் சீவி மேலே வண்ணப் பாகு ஊற்றுவது. வெயிலுக்கு இதம், அவ்வளவுதான். கியோத்தோவில் நல்ல மாச்சா (பச்சைத் தேயிலைத் தூள்) பாகு ஊற்றித் தரும் கடைகள் வேறு ரகம், ஆனால் அவை தெருக்கடை அல்ல. கொரியப் பிங்சுவில் இப்போது பெரும்பாலும் உறைந்த பாலையே சீவுகிறார்கள். அது நொறுங்காது, நாக்கில் வைத்ததும் காணாமல் போகும். 2013இல் புசானில் தொடங்கிய சொல்பிங் கடைகள் பரப்பிய இஞ்சொல்மி பிங்சுவைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். பால்பனி மேல் வறுத்த சோயா மாவு, இழுபடும் அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகள், கொஞ்சம் பாதாம். இனிப்பு மட்டாகத்தான் இருக்கும். கிண்ணம் இருவருக்கானது, தனியாளாகப் போய் முடிக்கப் பார்த்தால் நெற்றி விறைத்துவிடும். சியோலின் ஷில்லா ஓட்டலில் மாம்பழப் பிங்சு 2024இல் ஒரு லட்சம் வோனைத் தாண்டியது. மாம்பழத்துக்கு அவ்வளவு கொடுக்க நம்மூர்க்காரருக்கு மனசு வராது, விடுங்கள்.

சூடான இனிப்பில் ஹொத்தொக். புசானின் நம்போதோங் பகுதியில் இதைச் செய்வதைப் பார்க்கவே கொஞ்ச நேரம் நிற்கலாம். சர்க்கரை வைத்த மாவுருண்டையைக் கொழுப்பில் போட்டு வட்டத் தகட்டால் அமுக்குகிறார்கள். வெந்ததும் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிப் பை மாதிரி திறந்து, உள்ளே சூரியகாந்தி, பூசணி விதைகளைக் கரண்டியால் திணித்துக் காகிதக் குவளையில் செருகித் தருகிறார்கள். உருகிய சர்க்கரை மேலண்ணத்தைப் பொசுக்கும், ஊதித்தான் தின்ன வேண்டும்.

சரி, இனி உப்புப் பக்கம். ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் மாவுருண்டையான தகோயாகியை 1935இல் ஒசாகாவின் அய்சுயா கடையில் எண்டோ தோமெகிச்சி செய்தார் என்பது வரலாறு. முன்பு மாட்டிறைச்சி வைத்துச் செய்துகொண்டிருந்தவர், பக்கத்து அகாஷியில் ஆக்டோபஸ் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாற்றினாராம். குழிக்கல்லைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று தெரியும், அதைச் சொல்லப்போவதில்லை. வித்தியாசம் மாவில்: மீன் சாறு கலந்து தண்ணீர் மாதிரி ஓடும், குழி தாண்டி வழியவே ஊற்றுவார்கள். பிறகு ஊசியால் வழிந்ததை உள்ளே மடக்கிக் கால் வட்டமாகத் திருப்பித் திருப்பி உருண்டையாக்குகிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே குழைவு. இந்தக் கைவேகம்தான் ஜப்பானியத் தெருத்தீனியின் பலம், கொரிய இனிப்பில் இதற்கு ஈடு இல்லை. ஒசாகாவின் தோத்தோன்போரியில் வரிசை நீளமான கடையைத் தேடிப் போக வேண்டாம், கல்லில் இப்போதுதான் திருப்பிக்கொண்டிருக்கும் கடையில் நில்லுங்கள். சாஸும் மயோனைசும் வேண்டாம் என்று ஒருமுறை வெறுமனே கேட்டுப் பாருங்கள், அய்சுயாவின் பழைய பாணி அதுதான். குச்சியில் பொரித்த குஷிகாட்சு இருக்கிறது. நல்லதுதான், ஆனால் மூன்றாவது குச்சியோடு ஆசை தீர்ந்துவிடும்.

சைவக்காரருக்கு இந்தப் போட்டியில் விவாதமே இல்லை. ஒசாகாவில் முட்டைக்கோஸ் அடைபோலத் தெரிவதிலும் மீன் சாறு ஒளிந்திருக்கும். மிஞ்சுவது சோயா பாகு தடவிய அரிசி உருண்டையான தாங்கோ போலச் சில. கொரிய இனிப்புகளில் பெரும்பாலானவை அரிசி, பயறு, பால், எள்ளெண்ணெய்தான். பொரித்துப் பாகில் ஊறவைத்த யக்வாவும் அப்படியே, இஞ்சி வாசனையோடு. முட்டை தவிர்ப்பவர்கள் மட்டும் மாவில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கியோத்தோவின் நிஷிகி சந்தையில் நடந்துகொண்டே தின்னாதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வாங்கிய கடை வாசலிலேயே முடித்துவிட்டுக் குச்சியைத் திருப்பிக் கொடுங்கள், தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது. சியோலின் மியோங்தோங்கில் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டுமென்றால் புசானையும் ஃபுகுவோகாவையும் சேர்த்துப் போடுங்கள், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள்தான். பகலில் புசானில் பிங்சு, மறுநாள் இரவு ஃபுகுவோகாவின் யத்தாய் வண்டிக்கடைகள். குளிர்காலமென்றால் பிங்சுவை ஹொத்தொக்காக மாற்றிக்கொள்ளலாம்.